ஆறு அறை, ஐந்து தோட்டா

துவக்கு என்பது எமது ஊரவர் வாய்ச்சொல். துப்பாக்கி என்பது ஏட்டுச்சொல். இரண்டுமே துருக்கி மொழியின் வழியாக வந்து எம்மிடையே குடியேறியவை என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆயினும் திருக்குறளைக் கற்பிக்கும் தமிழாசிரியன் எவனும் இச்சொல்லால் ஒருமுறையேனும் இடர்ப்படாமல் இருத்தல் அரிது. வான்சிறப்பு அதிகாரத்திலே மழையின் பெருமையைக் கூறுங் குறளொன்றில் ‘துப்பாக்கி’ என்னும் ஒலிவடிவம் வந்துவிடுகின்றது. மாணவர் கொல்லெனச் சிரிப்பர். துப்பு என்றால் உணவு, ஆக்கி என்றால் உண்டாக்கி, ஆகவே உணவை உண்டாக்கி என்பதே அதன் பொருள் என்று நாம் கரும்பலகையிலே பிரித்து எழுதிக் காட்டுவோம். எமது பாடசாலை வன்னியில் உள்ளது. 2009 வைகாசியில் யுத்தம் முடிந்த பின்னர்ப் பிறந்த பிள்ளைகளே இன்று அவ்வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். ஆதலால் அவர்களாற் சிரிக்க முடிகின்றது. எமது வயதினர்க்கு அச்சிரிப்பு எளிதில் வருவதில்லை.

எனினும், உணவை உண்டாக்கும் துப்பாக்கி என்று ஒன்று உலகில் உண்டு என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அதைக் கண்ட இடம் வன்னிக் காடன்று. ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலம். 2023 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, சம்பளமற்ற விடுமுறை பெற்று, சென் லூயிஸ் நகரத்து வைத்தியசாலையொன்றில் தாதியாகப் பணிபுரியும் எமது அக்காவிடம் சென்றிருந்தோம். அக்காவின் கணவருடன் வேலை செய்யும் ஒருவரின் தந்தையார் அந்நகருக்குத் தெற்கே அறுபது மைல் தொலைவிலே, பொன்ரெயர் என்னும் சிற்றூரின் அயலிலே, தனியே வாழ்கின்றார். நல்ல மண் என்பது அவ்வூர்ப் பெயருக்குப் பிரெஞ்சு மொழியிலுள்ள பொருள். அந்த நல்ல மண்ணின் அடியில் இருந்தது ஈயம். நூறாண்டுக்கு மேலாகத் தோண்டி எடுத்தபின் எஞ்சிய கழிவுமண் குன்றுகளாக இன்றும் அப்பகுதியிலே நிற்கின்றது. தூரத்திலே பார்ப்பவர்க்கு மணற்காடு போலத் தோன்றும். அருகே சென்றால் புல்லும் முளைக்கத் தயங்குகின்ற சாம்பல்.

பெரியவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் இருபத்தெட்டு ஆண்டுகள் நிலத்தின் கீழே வேலை செய்தவர். அவருடைய அடுப்படி மேசையின்மேல், எண்ணெயிட்ட துணியில் மடித்து வைத்திருந்தது, அவருடைய தந்தையார் ஐம்பதுகளில் வாங்கிய ஒரு சுழல்துப்பாக்கி. றூகர் நிறுவனத்தாரின் ‘சிங்கிள் சிக்ஸ்’ என்னும் வகை. முயலும் அணிலும் சுடுவதற்கும், தகரப்பேணியைக் குறிவைத்துப் பழகுவதற்கும் அமெரிக்கக் கிராமத்தவர் கைக்கொள்ளும் சிறு துவக்கு அது. நாம் கையை நீட்டுவதற்கு முன்னரே அத்தான் தடுத்தார்.

“தம்பி, நீர் அதைக் கையிலை எடாதையும். விசிற் விசாவிலை வந்த ஆக்கள் துவக்கோ தோட்டாவோ வைச்சிருந்தால் இஞ்சை பெரிய குற்றம்.”

அவர் கூறியது உண்மை. அந்நாட்டின் மத்திய சட்டப்படி, தற்காலிக விசாவில் வந்த அந்நியர் துப்பாக்கியை வைத்திருத்தல் ஆகாது. ஏதேனுமொரு மாநிலம் வழங்கிய வேட்டை அனுமதிப் பத்திரம் உடையோர்க்கு மட்டும் விலக்கு உண்டு. பெரியவர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். பின்பு, எடுத்துக் காட்டுவதற்குத் தடையில்லையே என்று தாமே அதைக் கையிலெடுத்து விளக்கலானார். ஆகவே நாம் இங்கு எழுதுவன யாவும் கண்ணாற் கற்றவையே. ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு, பிறர் கற்பிக்கும் முறையைப் பார்த்திருப்பதும் ஓர் இன்பந்தான்.

இத்துப்பாக்கியின் இயல்பு அதன் குதிரையிலே உள்ளது. பிற்காலத்துச் சுழல்துப்பாக்கிகளிலே விசையை இழுத்தால் குதிரை தானே எழுந்து தானே விழும். இதிலோ ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலாற் குதிரையைப் பின்னிழுத்து நிறுத்துதல் வேண்டும். அவ்வாறு இழுக்கும்போது உருளை ஓர் அறை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலின் நேரே கொணர்கின்றது. விசை செய்வது ஒரேயொரு தொழில்: நின்ற குதிரையை விழவிடுதல். ஒரு வெடி தீர்ந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும். மறுபடியும் மனிதன் மனம் வைத்து, பெருவிரலை உயர்த்தி, குதிரையை இழுத்தாலன்றி அடுத்த வெடி இல்லை. தோட்டா இடுவதும் விரைவான காரியமன்று. குதிரையை அரைவாசிக்கு இழுத்து நிறுத்தி, வலப்பக்கத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, உருளையை ஒவ்வோர் அறையாகத் திருப்பி ஒவ்வொன்றாக இடுதல் வேண்டும். வெற்றுக்கோதுகளையும் குழலின் கீழுள்ள கம்பியால் ஒவ்வொன்றாகவே தள்ளி வெளியேற்றுதல் வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற ஆயுதமன்று இது.

தோட்டாவின் அமைப்பும் தனி. பெருந்துவக்குத் தோட்டாக்களின் அடியிலே நடுவிற் பொட்டுப்போலத் தீப்பொறிக் கலவை பதித்திருக்கும். இச்சிறு தோட்டாவிலோ அக்கலவை அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளே பரவியிருக்கின்றது. குதிரை விழும்போது ஊசி விளிம்பை நசுக்க, நெருப்புப் பிறந்து, வெடிமருந்து பற்றிக்கொள்கின்றது. நசுங்கிய கோது மீண்டும் பயன்படாது. 1845 ஆம் ஆண்டளவிலே பாரிஸ் நகரத்து ஃபுளோபேர் என்பவர் வீட்டுக்கூடத்துக் குறிவிளையாட்டிற்காக ஆக்கிய சிறு தோட்டாவிலிருந்து வளர்ந்தது இது. இன்று உலகெங்கும் வழங்கும் 0.22 அங்குல ‘லோங் றைபிள்’ தோட்டா 1887 இல் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் ஈயரவையின் நிறை பொதுவாக 40 கிறேன். இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல். பெட்டியிலே எச்சரிக்கை அச்சிட்டிருக்கின்றது: ரவை ஒரு மைலுக்கு மேலும் செல்லக்கூடும். விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் ஒன்றிற்கு இவ்வளவு நீண்ட கை.

இதன் வரலாற்றிலே எமது வாசகர் அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. பின்புறத்தால் தோட்டா இடும்படி உருளையை ஊடுருவத் துளைக்கும் உபாயத்திற்கு 1855 ஆம் ஆண்டு உரிமை பெற்றவர் றொலின் வைற் என்பவர். சிமித், வெசன் என்னும் கூட்டாளிகள் அவ்வுரிமையைத் தமதாக்கிக்கொண்டு, 1857 இல் 0.22 அங்குலச் சுழல்துப்பாக்கியை முதன்முதலாக விற்பனைக்கு விட்டனர். துப்பாக்கியொன்றுக்கு 25 சதம் வைற்றுக்குக் கிடைத்தது. ஆயின், அவ்வுரிமையை மீறுவோர்மீது வழக்காடும் பொறுப்பும் செலவும் அவர் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தன. வழக்குகளிலேயே அவர் வருவாயின் பெரும்பகுதி கரைந்தது. 1869 இல் உரிமைக்காலம் முடிந்தபின், அவருக்கு நீட்டிப்பு வழங்கும் பொருட்டுக் கொணர்ந்த மசோதாவையும் சனாதிபதி கிறான்ற் தடுத்துவிட்டார். துப்பாக்கி வரலாற்று நூல்கள் கோல்ற் முதலிய முதலாளிமாரின் பெயரை முழங்கும். துளையைக் கண்டுபிடித்தவன் பெயர் அடிக்குறிப்பிலே கிடக்கும்.

பெரியவர் வைத்திருந்த வகை 1953 இல் வெளிவந்தது. அப்போது அது தேவையால் பிறந்ததன்று, திரைப்படத்தால் பிறந்தது. கோல்ற் நிறுவனம் 1873 இல் ஆக்கிய தனது பழைய இராணுவச் சுழல்துப்பாக்கியை இரண்டாம் உலக யுத்தத் தொடக்கத்திலே நிறுத்திவிட்டிருந்தது. யுத்தத்தின் பின் வெள்ளித்திரையிலும் தொலைக்காட்சியிலும் குதிரையேறிய வீரர் மலிந்தனர். இடுப்பிலே துப்பாக்கி தொங்காத வாலிபன் வாலிபனேயல்லன் என்ற எண்ணம் பரவியது. அதைக் கண்ட றூகர் நிறுவனத்தார் பழைய உருவத்திலே, மலிந்த தோட்டாவிற்கு ஏற்ற சிறு துப்பாக்கியைச் செய்து கொடுத்தனர். கோல்ற் நிறுவனமும் 1956 இல் பழையதை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. அத்திரைப்படங்கள் காட்டாத ஒன்றையும் கூறவேண்டும். நாம் நின்ற மிசூரி மண் ஒசேஜ் மக்களுடையது. 1808, 1825 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அது அவர்களிடமிருந்து பறிபோயிற்று. அம்மண்ணின் நடுவிலே நின்று, வீரயுகம் ஒன்றின் விளையாட்டுப் பிரதியைப் பார்த்தோம்.

பெரியவர் தோட்டா இட்ட முறை எம்மைக் கவர்ந்தது. ஒன்றை இட்டார், அடுத்த அறையை வெறுமையாக விட்டார், பின் நான்கை இட்டார், குதிரையை முழுதும் இழுத்துப் பெருவிரலால் தாங்கி மெல்ல இறக்கினார். ஆறு அறைகளில் ஐந்திலே தோட்டா. குதிரை படிந்திருப்பதோ வெற்றறையின்மேல். பழைய அமைப்பிலே, குதிரை தோட்டாவின்மேல் படிந்திருக்கையில் துப்பாக்கி தவறி நிலத்தில் விழுந்தால் வெடித்துவிடும். இதனால் பலர் காயமுற்றனர். 1973 இல் வந்த புதிய அமைப்பிலே, விசையை இழுத்தாலன்றிக் குதிரையின் அடி ஊசிக்குச் செல்லாதவாறு இடையிலே ஒரு சிறு தகடு வைக்கப்பட்டது. பழையவற்றையும் இலவசமாகத் திருத்தித் தருவதாக நிறுவனம் பின்னர் அறிவித்தது. பெரியவர் அனுப்பவில்லை. தந்தையாரின் கைபட்ட இரும்பை மாற்ற மனம் ஒப்பவில்லையாம். ஆறாவது தோட்டா ஒருவனுக்கு வேண்டியிருந்தால் அவன் முதல் ஐந்தையும் ஒழுங்காகச் சுடவில்லை என்பதே பொருள் என்றார்.

அவருடைய வளவின் பின்புறத்திலே ஒரு மண்ணணை இருந்தது. அதற்கு முன்னே பலகைமீது ஆறு தகரப்பேணிகள். பதினைந்து யார் தூரம். பதினொரு வயதுப் பேரனுக்கு அவர் பாடஞ் சொன்னார். கண்ணாடியும் காதடைப்பும் அணியச் செய்தார். துவக்கு எப்போதும் நிறைந்தது என்றே கொள். அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே. குறி பொருந்தும்வரை விசையில் விரல் வையாதே. பேணிக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்பதை அறியாமல் சுடாதே. இந்நான்கையும் பேரன் ஒப்புவித்த பின்னரே பெட்டி திறந்தது. எமது வகுப்பிலே ஒப்புவித்தல் என்றால் உயிரற்ற சடங்கு என்று பேசிப் பேசி நாம் களைத்திருக்கின்றோம். உயிரோடு தொடர்புடைய ஒப்புவித்தலை அங்கே கேட்டோம். குறிவைப்பதில் அவர் கூறிய நுட்பம் ஒன்று: மனிதக் கண்ணால் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே தெளிவாகக் காண முடியாது. முன்குறியைத் தெளிவாகப் பார். பேணி மங்கலாகவே இருக்கட்டும். இலக்கையே உற்றுநோக்குபவன் தவறுவான்.

பேரன் குதிரையை இழுத்தான். வெடித்தது.

ஓசை பெரிதன்று. தைப்பொங்கலன்று சிறுவர் கொளுத்தும் சீனவெடியின் அளவுதான். ஆயினும் நாம் நிலத்திலே குந்தியிருந்தோம். எப்போது குந்தினோம் என்பதை அறியோம். 2009 மாசியிலிருந்து வைகாசிவரை, இருபது வயதிலே, பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்கு நகர்ந்த உடம்பு அது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தும், கடல் கடந்தும், எம்மைக் கேளாமலே தன் தொழிலைச் செய்தது. எம்முடன் பத்தாம் வகுப்பிலே இருந்தவர்களுள் சிலர் விரும்பியும் சிலர் விரும்பாமலும் துவக்கு ஏந்தினர். நாம் ஏந்தவில்லை. அதிலே பெருமையுமில்லை, நாட்கள் அவ்வாறு அமைந்தன. ஏந்தியவர்களுள் இன்று எம்முடன் பேசுவதற்கு இருப்பவர் இருவர்.

பெரியவர் ஒன்றுங் கேட்கவில்லை. பேரனின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, எஞ்சிய தோட்டாக்களைத் தள்ளி எடுத்து, மேசைமீது வைத்துவிட்டுக் கோப்பி ஊற்றச் சென்றார். அவருடைய தமையனார் வியற்நாமிலிருந்து திரும்பவில்லை என்பதை அத்தான் அன்று மாலை வண்டியிலே வரும்போது கூறினார். அடுத்த கிழமையும் சென்றோம். நாமாகவே கேட்டுச் சென்றோம். காதடைப்பை அணிந்து, ஒவ்வொரு வெடிக்கும் முன்னர்ப் பேரன் எமக்குச் சொல்லிவிட்டுச் சுட்டான். முப்பதாவது வெடியளவில் எம்முடம்பு ஓரளவு அடங்கிற்று.

மூன்றாம் முறை சென்றது வேட்டைக்கு. விடியுமுன்னே ஹிக்கரி மரமொன்றின் அடியிலே பெரியவர் முதுகைச் சாய்த்து அமர்ந்தார். நாம் அவருக்குப் பின்னே. மிசூரியிலே அணில் வேட்டைக் காலம் வைகாசிக் கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதிவரை நீளுகின்றது; ஒருவர் ஒருநாளில் பத்துக்கு மேல் எடுத்தல் ஆகாது. பத்தென்ன, அவருக்கு இரண்டு போதும். வெளிச்சம் பரவ, கொட்டையின் கோது உதிரும் ஓசை மேலே கேட்டது. முதலில் வந்த அணில் முப்பது யார் தூரத்தில் இருந்தது, விட்டுவிட்டார். இரண்டாவது கிளையோடு ஒட்டி ஓடிற்று; விட்டுவிட்டார். மூன்றாவது பதினைந்து யாருக்குள்ளே, அடிமரத்திலே அசையாது நின்றது. அதற்குப் பின்னே பருத்த மரம், ரவை அப்பால் செல்லாது. பெருவிரல் உயர்ந்தது. தலையிலே பட்டு விழுந்தது. சிறு ரவையால் வயிற்றிலே அடித்தால் பிராணி பொந்துக்குள் ஓடி நாட்கணக்கிலே சாகும். ஆகவே தலை, இல்லாவிடின் இல்லை என்பது அவர் கொள்கை. அன்று ஒன்றரை மணிநேரத்திலே ஏழு அணில்களைக் கண்டார், இரண்டைச் சுட்டார்.

அணில் என்றவுடன் தமிழ் வாசகர் மனம் துணுக்குறும். இராமர் தடவிய மூன்று கோடுகளை முதுகிலே சுமக்கும் பிராணியை உண்பதா? அமெரிக்கச் சாம்பல் அணிலின் முதுகிலே கோடுகள் இல்லை. அதை எந்தத் தெய்வமும் தடவவில்லைப் போலும். நகைச்சுவையாக இதைக் கூறினாலும், மாவுருண்டையிட்டு அவித்த அக்கறியைப் பெரியவர் பரிமாறியபோது முதற்கவளம் எமக்கு இறங்குவதற்குச் சற்று நேரமாயிற்று. முயலின் இறைச்சிபோலவே இருந்தது. சிறுவயதிலே அந்த வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் இதுவே கறியென்று அவர் கூறினார். சுரங்கத்திலே வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில், தந்தையார் காட்டுக்குப் போய்க் கொணர்ந்தது மட்டுமே இறைச்சி. அறுபத்தைந்து சதத் தோட்டாப் பெட்டியொன்று ஐம்பது சாப்பாடு என்று தாயார் கணக்கிட்டு வைத்திருந்தாராம்.

அந்த மேசையிலே இருந்தபோதுதான் படைச்செருக்கு அதிகாரத்துக் குறளொன்று எம்மை உறுத்தியது. முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துதல் இனிது என்னும் கருத்துடையது அது. ஆண்டுதோறும் நாம் அதைக் கற்பிக்கின்றோம். பெரிதினும் பெரிதை நாடுக என்று அதற்கு விளக்கம் கூறிப் பரிசளிப்பு விழாக்களிலும் முழங்குகின்றோம். ஆனால் அது போர்வீரனின் செருக்கைப் பேச எழுந்த அதிகாரம் என்பதை மறந்துவிடுகின்றோம். யானையைத் தவறவிட்ட வீரனுக்கு இரவுச் சோறு அரண்மனையிலிருந்து வரும். முயலைத் தவறவிட்ட வேடனுக்கு எங்கிருந்து வரும்? சங்கப் புலவர் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிக் கடைசியிலே உடும்பிலே தைத்தது என்று பாடினர். அந்நிரையிலே உண்பதற்கு எளிதாகத் தூக்கிச் செல்லத்தக்கது உடும்பு ஒன்றே. அதை நிரையின் கடைக்கோடியிலே வைத்தனர். வள்ளுவர்மீது குறை காண்பது எமது நோக்கமன்று. அவர் சொன்ன இடம் வேறு, நாம் எடுத்துப் பயன்படுத்தும் இடம் வேறு என்பதே எமது வாதம். சிறுவேட்டை என்ற சொல்லிலே உள்ள இழிவு, வேட்டையாடாமலே உண்ணும் வகுப்பார் இட்ட இழிவு.

இவ்வளவும் கூறியதால் அக்கருவியை நாம் புனிதப்படுத்திவிட்டோம் என்று எவரும் கருதவேண்டாம். 1968 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ரொபேட் கென்னடியைக் கொன்றது 0.22 அங்குலச் சுழல்துப்பாக்கியே. 1981 இல் சனாதிபதி றேகனைக் காயப்படுத்தியதும் அதே அளவினதே. 2022 ஆம் ஆண்டிலே அந்நாட்டிற் துப்பாக்கியால் இறந்தோர் 48,000 பேருக்கு மேல். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமது கையாலேயே இறந்தனர். மிசூரிச் சட்டத்தின் முரண்பாடோ நகைப்புக்கும் துயரத்துக்கும் உரியது. 1967 இற்குப் பின் பிறந்த ஒருவர் அங்கே அணில் சுடுவதாயின், வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெறுதல் வேண்டும், அல்லது அனுபவமுள்ளவர் அருகிலே துணையாக நிற்றல் வேண்டும். ஆனால் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு இருந்த மாநில அனுமதிமுறை 2007 இல் நீக்கப்பட்டது. அதை மறைத்து இடுப்பிற் செருகித் தெருவிலே நடப்பதற்கும் 2017 தொடக்கம் அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. அணிலுக்கு உள்ள பாதுகாப்பு அயலானுக்கு இல்லை. இதைப் பெரியவரிடம் கூறினோம். அவர் மறுத்தார், நகரத்துக் களவுகளைப் பற்றிப் பேசினார். அன்று மாலை நாம் இருவரும் உடன்படவில்லை. இன்னும் உடன்படவில்லை.

ஈயத்தின் கதையில் மட்டும் ஒத்துப்போனோம். அவரும் அவர் தோழரும் தோண்டிய தாது, மிசிசிப்பிக் கரையிலுள்ள ஹேர்குலேனியம் நகரத்து ஆலைக்குச் சென்றது. 1892 தொடக்கம் இயங்கிய அவ்வாலை, அந்நாட்டிலே தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் உருக்கிய கடைசி ஆலை. 2013 ஆம் ஆண்டின் இறுதியிலே மூடப்பட்டது. தெருப்புழுதியிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் கண்டபின்னர், சுற்றியிருந்த வீடுகள் விலைக்கு வாங்கப்பட்டு வெறுமையாக்கப்பட்டன. சென் லூயிசுக்கு எதிர்க்கரையிலே ஈஸ்ற் ஓல்ற்றன் என்னும் ஊரில் வின்செஸ்ரர் தோட்டாத் தொழிற்சாலை. 2010 இல் அங்குள்ள தொழிற்சங்கத்தினர் நிர்வாகத்தின் ஒப்பந்த யோசனையை நிராகரித்தனர். ஏறக்குறைய 1000 வேலைகளை மிசிசிப்பி மாநிலத்து ஒக்ஸ்போட் நகருக்கு மாற்றுவதாக நிர்வாகம் அறிவித்தது. தோண்டியவனுக்கும் உருக்கியவனுக்கும் ரவை வார்த்தவனுக்கும் கிடைத்தது இது. காடு மட்டும் ஏதோ பெற்றது: 1937 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அறவிடும் தீர்வையிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்பிற்குப் பணம் செல்கின்றது. அந்தக் காட்டிலே ஈயரவைகள் கிடக்கின்றன என்பதும் உண்மை. கலிபோர்ணியா மாநிலம் 2019 ஆடியிலிருந்து வேட்டைக்கு ஈயரவையை முற்றாகத் தடைசெய்துவிட்டது. துப்பாக்கியைத் துடைத்தபின் பெரியவர் சவர்க்காரமிட்டு இருமுறை கைகழுவுவதையும், பேரனையும் கழுவச் செய்வதையும் கண்டோம். தம் வாழ்நாள் முழுதும் தொட்ட பொருளைப் பற்றி அவர் அறிந்திருந்தார்.

ஊர் திரும்புவதற்கு முன், வேட்டை அனுமதிப் பத்திரத்திற்குப் பணம் கட்டித் தம்மருகே நின்று ஒரு பேணியையேனும் சுட்டுப்பார்க்கலாமே என்று பெரியவர் அழைத்தார். சட்டத்திலே அதற்கு வழி இருந்தது. வேண்டாம் என்றோம். அச்சத்தாலன்று, அச்சம் பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது. எமது ஊரிலே விரும்பாமல் ஏந்தியவர்களின் தாய்மார் இன்னும் இருக்கின்றனர். விளையாட்டிற்காக அதை ஏந்தியதாக அவர்கள் முன்னே எம்மால் கதை சொல்ல முடியாது. இதை எவ்வளவு ஆங்கிலத்திற் கூற முடியுமோ அவ்வளவு கூறினோம். பேரன்தான் முதலில் விளங்கிக்கொண்டவன்போல அப்பெட்டியை மூடினான்.

வன்னிக்குத் திரும்பியபின் அந்த வெற்றறையைப் பற்றி நாம் எண்ணாத நாள் குறைவு. எமது மாணவன் ஒருவனின் தந்தை 2021 இல் இடக்காலை முழங்காலின் கீழே இழந்தவர். மிதிவெடியால் அன்று, கட்டுத்துவக்கால். காட்டுப்பன்றி வரும் தடத்திலே ஒரு குழாயும் ஒரு விசையும் பொருத்தி, குறுக்கே முழங்கால் உயரத்தில் கம்பி இழுத்துவிட்டால், அது இரவெல்லாம் ஆளின்றிக் காத்திருக்கும். பன்றிக்கும் மனிதனுக்கும் அது வேறுபாடு அறியாது. மிசூரிப் பெரியவரின் கருவி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பெருவிரலை வேண்டி நின்றது. இது எவருடைய விரலையும் வேண்டுவதில்லை. அதைக் கட்டியவனும் கொடியவனல்லன். இரண்டு ஏக்கர் நெல்லும் கடனும் உடையவன். உரிய முறையிலே ஒரு துவக்கிற்கு அனுமதி பெறுவதற்குப் பணமும் காலமும் ஆள்பலமும் இல்லாதவன். சட்டம் பத்திரம் கேட்கின்றது. பன்றி பத்திரம் பார்ப்பதில்லை.

காலிழந்தவர் இப்போதும் வயலைக் கைவிடவில்லை. கட்டுத்துவக்கு வைப்பதுமில்லை. பரணிலே கிடந்து, தகரம் தட்டி, ஆனைவெடி கொளுத்திக் காவல் காக்கின்றார். மகன் பள்ளிக்கூடத்திலே முதற்பாடத்தில் தூங்குகின்றான். சென்ற மார்கழியிலே அவனைப் பற்றிப் பேசுவதற்காக அவர் வீட்டுக்குச் சென்றோம். கதிர் முற்றும் காலம். எம்மை மரவாங்கிலே இருத்திவிட்டு, வாசலிற் சேற்றோடு நின்றபடியே சொன்னார்:

“சேர், ரண்டு ராவா பண்டி வந்திட்டுது. இண்டைக்கும் வரும். அவனை நாளைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறிக்கட்டே?”

எத்தனை மணிக்குக் காவல் மாறுவது என்று கேட்டோம். பன்னிரண்டு மணிவரை பரணிலே நாம் இருப்பதாகவும், பிள்ளை தூங்கட்டும் என்றும் கூறி, டோர்ச்சையும் ஆனைவெடிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டோம்.